பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாடு முழுக்கக் காதில் விழும் ஊர்ப்பெயர்களில் ஒன்று பாம்பன். வங்கக் கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும். பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாக மாலைச் செய்தியில் சொல்வார்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையேறும், அல்லது நேராக மேலேயே வருமா என்பதைப் பொறுத்து எண் மாறும். 8 முதல் 10 வரை அதே கணக்குதான், ஆனால் பெரும் அபாயம். இந்தப் பத்து எண்களும் மேலேயிருந்து வருபவை. வானிலை மையம் முடிவு செய்கிறது. துறைமுகத்தில் இருப்பவர் கூண்டை ஏற்றுகிறார்.

பதினொன்றாவதாக ஓர் எண் உண்டு. அதைப் பற்றிச் செய்தியில் அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துபோய்விட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். அதிகாரபூர்வமான ஒரு பட்டியலில், மையமே தன் கைப்பட எழுதிவைத்திருக்கும் ஏற்பாடு இது: என் குரல் உனக்குக் கேட்காமல் போகும் நாள் வரும், அன்று நீயே வானத்தைப் பார்த்து முடிவு செய், அந்த முடிவுக்கும் என் எண்களில் ஓர் இடம் இருக்கிறது. தொலைவிலிருந்து கருவிகளை ஆளும் இன்றைய தொழில்நுட்பத்தில் நான் தேடுவது இந்தப் பதினொன்றாம் எண்ணைத்தான்.

எட்ஜ் கம்ப்யூட்டிங், அதாவது விளிம்புக் கணிமை, என்று இப்போது பேசப்படுவதன் உள்ளடக்கம் எளிமையானது. தரவு பிறக்கும் இடத்திலிருந்து எங்கோ ஒரு பெருநகரத்தின் தரவு மையத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பி, அங்கே கணக்குப் போட்டு, விடையைத் திரும்ப வாங்குவதற்குப் பதிலாக, பிறக்கும் இடத்திலேயே ஒரு சிறு கணினியை வைத்துக் கணக்கை முடித்துவிடுவது. விடை உடனே வேண்டும் என்பதற்காக இருக்கலாம். நடுவில் உள்ள கம்பியையோ அலைவரிசையையோ நம்ப முடியாது என்பதற்காகவும் இருக்கலாம். இராமநாதபுரம் கடற்கரைக்கு இந்த இரண்டாவது காரணம் புதிதல்ல.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் பாலத்துக்குள் வர முடியாது. மதுரை ரயில்வே கோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் யோசித்துச் சொல்லும் வரை காத்திருக்கும் வேலையே இல்லை. அளப்பதும் அங்கேதான், முடிவும் அங்கேதான். எட்ஜ் என்ற சொல் இந்தப் பொருளில் புழக்கத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தத் தத்துவத்தின் முழு வடிவம் கடலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. 2022 டிசம்பரில் அதே பாலத்தின் தூக்குப் பகுதியில் அதிர்வு அளவு மீறியதை உணரிகள் காட்டின. ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914-இல் திறந்த பாலத்தில் அதன்பின் பயணிகள் ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் மின் இயந்திரங்களால் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. பழைய பாலத்தில் அந்த வேலையை ஆட்கள் கையால் நெம்பித்தான் செய்தார்கள்.

தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கரை 1964 டிசம்பர் 22 இரவில் அறிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடி நெருங்கும் இடத்தில் சிக்னல் இல்லாமல் நின்றது. புயலில் சிக்னல் பழுதாகியிருந்தது. ஓட்டுநர் நெடுநேரம் காத்திருந்தார். பிறகு ஊதலை ஒலித்துவிட்டு வண்டியை நகர்த்தினார். எழும்பி வந்த அலை வண்டியை மூடிவிட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு முன்னால் ஓர் இருட்டு இருந்தது, பின்னால் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் காற்றும் கடலும் என்ன செய்கின்றன என்று சொல்ல ஒரு கருவிகூட இல்லை. விளிம்பில் இருப்பவரிடம் முடிவை மட்டும் விட்டுவிட்டு, முடிவெடுக்கத் தேவையானதைக் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

இன்று விளிம்பில் இருக்கும் கருவிகளைத் தொலைவிலிருந்து மாற்றுகிறவர் பெரும்பாலும் ஒரு கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்திருப்பார். பொத்தான்கள், படங்கள் எதுவும் இருக்காது. கமாண்ட் லைன் என்பது எழுத்தால் மட்டுமே பேசும் இடம். கருவியின் பெயர், செய்ய வேண்டிய வினை, எந்த அளவை எவ்வளவாக மாற்ற வேண்டும் என்பது, அவ்வளவுதான். ஒரே வரியில் முடிந்துவிடும். குபெக்டிஎல், ஜிகிளவுட் போன்ற கட்டளைக் கருவிகளில் அப்டேட், பேட்ச் போன்ற வினைகள் இதற்காகவே இருக்கின்றன. பேட்ச் போட்டால் நாம் குறிப்பிட்டது மட்டும் மாறும், குறிப்பிடாதது இருந்தபடி இருக்கும். பல அமைப்புகளில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: நான் கடைசியாகப் பார்த்த நிலை இது, அதன்பின் வேறு யாரும் கை வைக்கவில்லை என்றால் மட்டும் இதைச் செய் என்று கட்டளையோடு ஓர் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கருவியைத் திருத்தி ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்துவிடாமல் இருக்க அது போதும்.

எழுத்து என்பதால் இதற்கு ஒரு நேர்மை இருக்கிறது. என்ன சொன்னோம் என்பது அப்படியே பதிவாகிறது. இன்னொருவர் அதை அனுப்புவதற்கு முன்பே படித்துப் பார்த்து, இது தவறு என்று நிறுத்தலாம். ஆறு மாதம் கழித்து வந்தவர்கூட அன்று யார் எதைச் செய்தார் என்று வரி வரியாகப் படிக்கலாம். மௌஸைச் சொடுக்கிச் செய்த காரியத்துக்கு இத்தகைய சாட்சி எளிதில் கிடைக்காது. கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள்: 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், 576 இன்வெர்ட்டர்கள். அந்த வெயிலில் ஒவ்வொரு இயந்திரமாக நடந்து போய் அமைப்பை மாற்றுவதென்றால் அது எந்தக் காலத்திலும் முடியாது. ஒரு வரி, 576 இயந்திரங்கள் என்ற கணக்குதான் இந்த அளவிலான அமைப்புகளை நடைமுறையில் சாத்தியமாக்குகிறது.

அதே கணக்கின் மறுபக்கம் எனக்கு அச்சம் தருகிறது. ஒரு வரியில் பிழை என்றால் பிழையும் அத்தனை இடங்களுக்கும் போய்ச் சேரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய கோப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திகைத்து நின்றன. பிழையான கோப்பை அந்த நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கணினிகளால் எழுந்து வந்து அந்தத் திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. கணினி கணினியாக ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. மருந்து தயாராக இருந்தது, விழுங்க வாய் திறக்கவில்லை. அலுவலகத்தில் இருக்கும் கணினிக்கு ஆள் போகலாம். நடுக்கடலில் இருக்கும் கருவிக்கு யார் போவது?

கட்டளையை அனுப்பியவுடன் திரையில் வரும் பதிலைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். பல சேவைகள் 202 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். உன் கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் அதன் பொருள். செய்து முடித்துவிட்டேன் என்பதல்ல. இந்த வேறுபாட்டை உணர்ந்து அமைத்த ஏற்பாடுகளில் ஒன்று அமேசானின் ஐஓடி சேவையில் இருக்கும் நிழல். ஒவ்வொரு கருவிக்கும் மையத்தில் ஒரு நிழல் உண்டு. அதில் இரண்டு பத்திகள்: கருவி எப்படி இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவது ஒன்று, கருவி தன்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது இன்னொன்று. இரண்டும் வேறுபட்டால் அந்த வேறுபாடு தனியாகக் காட்டப்படும். கருவி விழித்து, தொடர்பு கிடைத்து, வேறுபாட்டைப் படித்துத் தன்னை மாற்றிக்கொண்டு, மாறிவிட்டேன் என்று சொல்லும் வரை நம் விருப்பம் வெறும் விருப்பம்தான். ஆளுகிறவர் தன் ஆணைக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறைக்காமல் தன் கண்முன் எழுதி வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அரசு அலுவலகங்களின் கோப்புகளுக்கும் இப்படி இரண்டு பத்திகள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் மையம் எப்போதும் இவ்வளவு அடக்கமாக இருப்பதில்லை. பல கணினிகளில் வேலைகளைப் பகிர்ந்து ஓட்ட உலகமெங்கும் பயன்படும் குபெர்னெட்டீஸ் அமைப்பில், ஒரு கணினியிடமிருந்து செய்தி வருவது நின்றுவிட்டால் மையம் ஒரு நிமிடத்துக்குள் அதன் நிலை தெரியவில்லை என்று குறித்துவிடும். அதன்பின் ஐந்து நிமிடம் பார்க்கும். பிறகு அதில் ஓடிய வேலைகளை நீக்கச் சொல்லி, வேறு கணினிகளில் புதிதாகத் தொடங்கிவிடும். தரவு மையத்துக்குள் இது சரி. அங்கே பேச்சு நின்றால் பெரும்பாலும் கணினி விழுந்துவிட்டது என்றே பொருள். விளிம்பில் அப்படியல்ல. பேச்சு நின்றதற்குக் காரணம் அலைவரிசை, மழை, மின்தடை, உப்பு அரித்த இணைப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். அங்கே கணினி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். இராமேசுவரத்திலும் தங்கச்சிமடத்திலும் கடலுக்குப் போனவரிடமிருந்து செய்தி இல்லாத இரவுகளை வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. குபெட்ஜ் போன்ற திட்டங்கள் இதற்காகவே தோன்றின. விளிம்புக் கணினி தான் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைத் தன்னிடமே ஒரு சிறு தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். மையம் மறைந்தாலும், நடுவில் மின்சாரம் போய் வந்தாலும், அந்தப் பட்டியலைப் பார்த்துத் தொடர்ந்து இயங்கும். பதினொன்றாம் எண்ணுக்கு மிக அருகில் வந்த ஏற்பாடுகளில் ஒன்று இது.

விண்வெளிக்காரர்கள் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றார்கள். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 கலத்துக்கு 1982 நவம்பரில் ஒரு மேம்பாடு அனுப்பினார்கள். மின்கலம் பழசாகிவிட்டது, அதைச் சார்ஜ் செய்யும் முறையைச் சீராக்குவதுதான் நோக்கம். அந்தக் கட்டளை, ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பும் தகவல் இருந்த நினைவகப் பகுதியின் மேல் எழுதிவிட்டது. கலம் திசை தவறியது, அதன்பின் அது பேசவில்லை. நல்லெண்ணத்தோடு அனுப்பிய மேம்பாடு, மேம்பாட்டை வாங்கும் காதையே அடைத்துவிட்டது. 2023 ஜூலையில் வாயேஜர் 2-க்கும் தவறான கட்டளை ஒன்று போனது. ஆண்டெனா பூமியிலிருந்து 2 டிகிரி விலகியது, தொடர்பு நின்றது. ஆனால் அந்தக் கலம் ஆண்டுக்குச் சில முறை யாரும் சொல்லாமலே தன் திசையைச் சரிபார்த்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. அடுத்த முறை அக்டோபர் 15. அதற்கு முன்பே, கான்பெராவின் பெரிய ஆண்டெனாவிலிருந்து வலுவாக அனுப்பிய கட்டளை அதை எட்டிவிட்டது என்பது ஆகஸ்ட் 4-இல் தெரியவந்தது. எட்டாமல் போயிருந்தாலும் அக்டோபரில் அது தானாகத் திரும்பியிருக்கும்.

கட்டளைகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. ஜூனிப்பர் நிறுவனத்தின் வலையமைப்புக் கருவிகளில் கமிட் கன்ஃபர்ம்டு என்று ஒரு கட்டளை. மாற்றத்தைச் செயல்படுத்து, ஆனால் பத்து நிமிடத்துக்குள் நான் திரும்ப வந்து உறுதி சொல்லாவிட்டால் நீயே பழைய நிலைக்குப் போய்விடு என்பது அதன் சாரம். மாற்றியவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும் மாற்றங்கள் உண்டு. அப்போது அவரால் உள்ளே வந்து எதையும் சொல்ல முடியாது. அவருடைய மௌனத்தையே கருவி பதிலாக எடுத்துக்கொள்கிறது. கருவியில் இரண்டு இடங்கள் ஒதுக்கி, ஒன்றில் பழைய மென்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதில் புதியதை எழுதி, புதியது ஒழுங்காக எழுந்து நிற்காவிட்டால் பழையதற்குத் திரும்புவதும் இதே மனநிலைதான். இப்போது நம் கையில் இருக்கும் பல ஆண்ட்ராய்டு செல்பேசிகளே இப்படித்தான் புதுப்பித்துக்கொள்கின்றன. வாட்ச்டாக் என்ற சிறு கடிகாரத்துக்கும் அதே வேலை. மென்பொருள் குறித்த நேரத்துக்குள் நான் விழித்திருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் கருவியை அது மறுபடி தொடக்கிவிடும். இவை எல்லாம் தன் கட்டளை தவறாகலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் செய்தவை.

படகுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் உயிரோடு நேராகத் தொடர்புடைய விளிம்பு அதுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்பேசி கேட்காது. 2019 அக்டோபரில் வெளியிடப்பட்ட ஜெமினி என்ற கருவி ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கைகளையும் மீன்வளத் தகவலையும் வாங்கிச் செல்பேசிச் செயலிக்குத் தந்தது. அது ஒருவழிப் பாதை. மீனவர் பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள். இவை இருவழிப் பேச்சுக்கானவை, ஆபத்து என்று படகிலிருந்தும் சொல்லலாம், எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கையும் வரும். ஒருவழியிலிருந்து இருவழிக்கு வந்ததை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். கேட்க மட்டும் தெரிந்த கருவிக்கு நிழல் கிடையாது. ஆணை போய்ச் சேர்ந்ததா என்று ஆணையிட்டவருக்கே தெரியாது.

இத்தகைய பாதைகள் எவ்வளவு குறுகலானவை என்பதை ஒரு கணக்கு காட்டும். ககன் சமிக்ஞையின் தரவு வேகம் நொடிக்கு 250 பிட். வேறெதையும் அனுப்பாமல் முழுப் பாதையையும் ஒதுக்கிக் கொடுத்தாலும் ஒரு மெகாபைட் போய்ச் சேர ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். வீட்டில் ஒரு செல்பேசிச் செயலி பத்து நொடியில் இறக்கிக்கொள்ளும் மேம்பாட்டை இப்படிப்பட்ட பாதையில் அனுப்புவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. கடலில் இருக்கும் கருவிக்கு எச்சரிக்கையை அனுப்பலாம், ஓர் எண்ணை மாற்றலாம். மென்பொருளை மாற்றுவதென்றால் படகு கரைக்கு வர வேண்டும்.

கரைக்கு வரும் காலமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், பலகை மாற்றுவது, வர்ணம் பூசுவது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது எல்லாம் அப்போதுதான். மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கரைகளில் படகுகளை நெருக்கமாக வரிசையில் நிறுத்தி வைத்திருப்பார்கள். கருவிகளைப் புதுப்பிக்க இதைவிடப் பொருத்தமான நேரம் எந்தத் தரவு மையத்துக்கும் வாய்க்காது. ஒரு படகில் முதலில் செய்து, சில நாள் பார்த்து, பிறகு பத்துப் படகு, பிறகு துறைமுகம் முழுவதும் என்று போகலாம். ஆண்டெனாவின் இணைப்பைக் கழற்றித் துடைத்துப் பார்க்கலாம். மண்டபத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் அரிப்புச் சோதனை நிலையத்தை வைத்திருப்பதே இங்குள்ள உப்புக்காற்று உலோகத்தை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதை அறிவதற்காகத்தான். அரித்துப்போன இணைப்பை எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியாது.

மாற்றும் தகவல்களிலேயே மிகக் கனமானது எல்லைக் கோடு. 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் இருக்கும் கோடு அது. தண்ணீரின் மேல் எங்கும் தெரியாது. படகில் இருக்கும் கருவியின் நினைவகத்தில் சில எண்களாக மட்டும் இருக்கும். அந்த எண்களை நெருங்கியதும் கருவி ஒலிக்கிறது. நீவாடு எனும் கடல் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் இரவில், வலை விரித்த நிலையில், ஒலிப்பதா வேண்டாமா, எத்தனை தூரத்துக்கு முன்னால் ஒலிப்பது என்ற முடிவு ஒரு கட்டளை வரியில் ஓர் எண்ணாக இருக்கலாம். சற்று முன்பாகவே ஒலித்தால் மீன் கிடைக்கும் இடத்திலிருந்து திரும்ப வேண்டும். அடிக்கடி ஒலித்தால் கருவியை அணைத்துவிடுவார்கள். தாமதமாக ஒலித்தால் படகும் ஆட்களும் இலங்கைக் கடற்படையின் கையில். அந்த எண்ணை யார் வைக்கிறார், எதைக் கேட்டு வைக்கிறார் என்பது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது.

ஆகவே தடைக்காலத்தில் கருவியைத் திறக்கும்போது படகின் டிரைவரும் உரிமையாளரான சம்மாட்டியும் அருகில் இருக்க வேண்டும் என்பேன். இந்த முறை எது மாறியது, எது மாறவில்லை, பழையது எங்கே பத்திரமாக இருக்கிறது என்று தமிழில் ஒரு தாள் அவர்கள் கையில் கொடுக்கப்பட வேண்டும். செயற்கைக்கோளோடு தொடர்பு அறுந்தால் கருவி என்ன செய்யும் என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும்: கடைசி எச்சரிக்கையை எத்தனை மணி நேரம் திரையில் வைத்திருக்கும், அது பழசாகிவிட்டது என்பதை எந்த நிறத்தில் காட்டும், ஜிபிஎஸ் மட்டும் இருந்தால் எல்லைக் கணக்கைத் தொடருமா. வாடைக்காற்று எப்போது திரும்பும், கச்சான் காற்று எப்போது கடலைக் கொந்தளிக்க வைக்கும் என்று அறிந்தவர்களிடம் இந்த மூன்று விடைகளையும் காட்டி, இது போதுமா என்று கேட்டுவிட்டுப் பிறகு அந்த ஒரு வரியை அனுப்பலாம். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்க ஜூன் 14 நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது.